பத்துக் குழந்தைகளின் தகப்பனார்



2024-ஆம் ஆண்டுக் கடைசியில் என் அண்ணாவுக்குச் சதாபிஷேகம் நடந்தது. டில்லி, புனே, கொல்கத்தா, ஹைதராபாத் என்று பல ஊர்களிலிருந்தும் உறவினர்கள் வந்து கூடியிருந்தார்கள். பேரப் பிள்ளைகளில் ஒருவன் எங்கள் வம்சாவளியைக் கம்ப்யூட்டரில் தயார் செய்துகொண்டிருந்தான். என்னிடம் வந்து, நீங்கள் மொத்தம் எத்தனை பேர் தாத்தா என்று கேட்டான். ஏழு பேர் என்று சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எண்பத்திரண்டு வயது அக்கா, என் பக்கம் திரும்பாமலேயே, எட்டு என்று எழுதிக்கொள்ளும்படி அவனிடம் சொன்னாள்.

எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. அக்கா சொன்னதுதான் சரி. எனக்கு அடுத்துப் பிறந்த ஒரு தங்கை நான்கு வயதில் தொண்டை அடைப்பான் கண்டு போய்விட்டாள். அது 1957-ஆம் வருஷம். அதன் பிறகு எங்கள் வீட்டில் அவள் பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லாமல் சொல்லாமல், எண்ணிக்கையிலிருந்தே அவளை விட்டுவிடும் அளவுக்கு நான் வந்திருக்கிறேன்.

ஊர் திரும்பிய பிறகு மனசு ஒரு நிலையில் இல்லை. அந்தச் சமயத்தில் படித்துக்கொண்டிருந்தது சார்லஸ் டார்வின் வாழ்க்கை வரலாறு. நான் விலங்கியல் பட்டதாரி. கல்லூரியில் டார்வினின் பரிணாமக் கொள்கையை நெட்டுருப் போட்டுப் பரீட்சை எழுதியவன். நீண்ட வெள்ளைத் தாடியும் குழிந்த கண்களுமாகப் பாடப் புத்தகத்தில் இருந்த அந்தப் படம்தான் எனக்குத் தெரிந்த டார்வின். அவர் பத்துக் குழந்தைகளுக்குத் தகப்பனார் என்பதோ, அவர்களில் மூவரைப் பறிகொடுத்தவர் என்பதோ எந்தப் பேராசிரியரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, எழுபது வயது தாண்டிய பிறகுதான் அந்த டார்வினை நான் அறிந்துகொண்டேன். அவரை நம் அங்கத்தினர்களுக்கும் அறிமுகம் செய்து வைக்கவே இந்தக் கட்டுரை.

மாமா பெண்ணைக் கட்டியவர்

டார்வின் 1809-ஆம் வருஷம் பிப்ரவரி 12-ஆம் தேதி இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ராபர்ட் டார்வின் பெயர் பெற்ற வைத்தியர். ஆறு குழந்தைகளில் சார்லஸ் ஐந்தாமவர். எட்டு வயதில் தாயாரை இழந்தார். அதன் பின் மூத்த சகோதரிகள்தான் அவரை வளர்த்தார்கள்.

மகனும் வைத்தியராக வேண்டும் என்று தகப்பனார் 1825-இல் எடின்பரோவுக்குப் படிக்க அனுப்பினார். மயக்க மருந்து வராத காலம் அது. ஒரு குழந்தைக்கு நடந்த அறுவைச் சிகிச்சையைப் பார்க்கச் சகிக்காமல் அறையை விட்டு ஓடியவர், அந்தப் படிப்பையே விட்டுவிட்டார். பிறகு கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்று, 1831 டிசம்பரில் பீகிள் என்ற கப்பலில் ஏறி, ஏறக்குறைய ஐந்து வருஷம் உலகைச் சுற்றி, 1836 அக்டோபரில் திரும்பினார். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

கல்யாணம் செய்துகொள்வதா வேண்டாமா என்று 1838-இல் ஒரு காகிதத்தில் சாதக பாதகங்களை இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்திருக்கிறார். சாதகமே ஜெயித்தது. 1839 ஜனவரி 29-ஆம் தேதி எம்மா வெட்ஜ்வுட் என்பவரை மணந்துகொண்டார். எம்மா யார் தெரியுமோ? டார்வினுடைய தாயாரின் கூடப் பிறந்த சகோதரரின் பெண். நம் கணக்கில் சொன்னால் சொந்த மாமா பெண், முறைப்பெண். அது மட்டுமல்ல. டார்வினின் அக்கா கரோலினை இரண்டு வருஷம் முன்பே எம்மாவின் அண்ணாவுக்குக் கொடுத்திருந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். அத்தையும் மாமாவும் சம்பந்திகளாக ஆகும் வழக்கம் நம் காவிரிக் கரையோடு நின்றுவிடவில்லை என்று தெரிந்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்த உறவு பின்னால் அவருடைய மனசைப் படுத்தியதைப் பிறகு சொல்கிறேன்.

டௌன் கிராமத்து வீடு

முதல் இரண்டு குழந்தைகள் வில்லியமும் ஆனியும் லண்டனில் பிறந்தார்கள். 1842 செப்டம்பரில் கெண்ட் மாகாணத்தில் டௌன் என்ற சிறு கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். வந்த சில நாட்களில் மூன்றாவதாக மேரி பிறந்தாள். மூன்று வாரம்தான் இருந்தாள். புது வீட்டுக்குள் நுழைந்தவுடன் இப்படி ஒரு துக்கம்.

பிறகு ஹென்றியெட்டா, ஜார்ஜ், எலிசபெத், பிரான்சிஸ், லெனார்ட், ஹொரேஸ் என்று வரிசையாக 1851-க்குள் பிறந்துவிட்டார்கள். பத்தாவது குழந்தை 1856 டிசம்பரில். அப்போது எம்மாவுக்கு 48 வயது. 1850-இல் லெனார்ட் பிறந்தபோது டாக்டர் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த குளோரோஃபாரத்தை டார்வினே தம் கையால் மனைவிக்குக் கொடுத்து வலியைக் குறைத்தார். எடின்பரோவில் அறையை விட்டு ஓடிய அதே மனிதர்தான்.

இத்தனை குழந்தைகள் உள்ள வீட்டில் குடும்பத் தலைவரே ஒரு நோயாளி. முப்பது வயதிலிருந்தே வாந்தி, வயிற்றுப் பொருமல், படபடப்பு, தலைவலி என்று ஏதாவது ஒன்று. என்ன வியாதி என்று அன்றைய டாக்டர்களாலும் சொல்ல முடியவில்லை. பின்னால் வந்தவர்களும் இன்றுவரை ஒத்த கருத்துக்கு வரவில்லை. 1849-இல் மால்வர்ன் என்ற ஊரில் டாக்டர் கல்லி என்பவர் நடத்திய நீர் வைத்தியத்துக்காகக் குழந்தை குட்டிகளோடு குடும்பமே போய்ச் சில மாதங்கள் தங்கியது. விடியற்காலையில் குளிர்ந்த ஈரத்துணியால் உடம்பு சிவக்கும்படி தேய்ப்பார்கள். சர்க்கரை, வெண்ணெய், மசாலா எல்லாம் விலக்கு. பத்தியம் என்பது எல்லா நாட்டிலும் உண்டு.

இந்த நிலைமையில் அந்த வீடு எப்படி ஓடிற்று என்றால், நேரம் தவறாத ஒழுங்கினால்தான். காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை வேலை. பிறகு ஹாலில் சாய்ந்துகொண்டு கடிதங்களையோ நாவலையோ எம்மா வாசிக்கக் கேட்பார். பத்தரை முதல் பன்னிரண்டு வரை மறுபடியும் வேலை. பிறகு தோட்டத்தை ஒட்டித் தாமே அமைத்த மணல் பாதையில் நடை. எத்தனை சுற்று என்பதற்குக் கூழாங்கற்களை வைத்துக் கணக்கு. மத்தியானம் சாப்பாடு, பத்திரிகை, கடிதங்கள், ஓய்வு. சாயங்காலம் ஒரு மணி நேரம் வேலை. ராத்திரி எம்மாவோடு பேக்கமன் என்ற தாய ஆட்டம் இரண்டு ஆட்டம், அதன் பின் எம்மாவின் பியானோ. அந்த ஆட்டத்துக்கும் வருஷக்கணக்கில் கணக்கு வைத்திருந்தார். 1876-இல் பார்த்தபோது எம்மா ஜெயித்தது 2,490, தாம் ஜெயித்தது 2,795 என்று கூட்டிச் சொல்லியிருக்கிறார். வரவு செலவும் அப்படித்தான். ஒரு பென்னி தப்பாது.

குழந்தைகளுக்கு அந்த வீட்டில் பயம் கிடையாது. மாடிப்படியில் சறுக்கி விளையாட மரப் பலகை செய்து போட்டிருந்தார்கள். அப்பா எழுதித் தள்ளிய கையெழுத்துப் பிரதிகளின் பின்பக்கத்தில் படம் வரைந்தார்கள். கத்திரிக்கோல், பசை, நூல் எது வேண்டுமானாலும் அப்பாவின் வேலை அறைக்குள் ஓடி வருவார்கள். நாலு வயதுப் பிள்ளை ஒன்று, வேலை நேரத்தில் விளையாட வந்தால் ஆறு பென்ஸ் தருவதாக அப்பாவுக்கு லஞ்சம் கொடுக்கப் பார்த்ததாம். 1846 முதல் எட்டு வருஷம் கடலில் பாறையில் ஒட்டும் கொட்டலசு என்ற ஜீவராசியை அவர் ஆராய்ந்தார். அதைப் பார்த்தே வளர்ந்த ஒரு பிள்ளை, எல்லா வீட்டு அப்பாக்களுக்கும் இதுதான் வேலை என்று நினைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் கொட்டலசை எந்த அறையில் வைத்துப் பார்க்கிறார் என்று விசாரித்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. குழந்தைகளில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், அப்பாவின் வேலை அறை சோபாவில் போர்த்திப் படுக்க வைத்துவிடுவார்கள். அவர் பாட்டுக்கு மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை பாட்டுக்கு அவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். பேச்சே வேண்டாம். பெரியவர்களாகி எழுதும்போதும் அவர்கள் அந்த சோபாவை மறக்கவில்லை.

எம்மா வீட்டுக்கு மட்டுமல்ல, கிராமத்துக்கும் பாதி வைத்தியர். மாமனாரின் குறிப்புகளைப் பார்த்து மருந்து கலந்து ஏழைகளுக்குக் கொடுப்பார். வீட்டில் வேலையாட்கள் இருந்தார்கள், பணக் கஷ்டம் இல்லை என்பது உண்மை. ஆனால் காய்ச்சல் அடிக்கும் குழந்தையின் தலைமாட்டில் ராக்கண் விழிப்பதை வேலையாட்களிடம் விட்டுவிட்டுத் தூங்கிய தாயார் இல்லை அவர்.

இதைப் படிக்கும்போதெல்லாம் நாக்பூரில் நாங்கள் இருந்த இரண்டு அறை ரயில்வே குவார்ட்டர்ஸ்தான் என் கண் முன் வந்தது. அப்பா கணக்குப் பிரிவில் குமாஸ்தா. ஒரு ஜமக்காளத்தில் வரிசையாகப் படுக்கை. ஒருவனுக்கு மணல்வாரி வந்தால் பத்து நாளில் நாலு பேருக்கு வரும். பொன்னுக்கு வீங்கி, கக்குவான் எதுவும் ஒருவரோடு நின்றதில்லை. அம்மா சுக்குக் கஷாயம் போட்டு, நெற்றியில் விபூதி இட்டு, கஞ்சியும் சீரக ரசமும் வைத்துச் சமாளிப்பாள். அம்மை என்றால் வேப்பிலை. தனி அறை என்று ஒன்று இருந்தால்தானே ஒதுக்கி வைப்பதற்கு?

ஆனி

மூத்த பெண் ஆனி அப்பாவின் செல்லம். அவருடைய தலைமுடியை அரை மணி நேரம் வாரி வாரி அழகு பார்ப்பாள். நடைக்குப் போகும்போது கூடவே போவாள். 1849-இல் அவளுக்கும் இரண்டு தங்கைகளுக்கும் ஸ்கார்லட் காய்ச்சல் வந்து தேறியது. தங்கைகள் முழுக்கத் தேறினார்கள். ஆனி மட்டும் 1850 கோடையிலிருந்து மெலிந்துகொண்டே வந்தாள். கடற்கரை ஊருக்கு அழைத்துப் போய்ப் பார்த்தார்கள். பயனில்லை. தமக்குக் கொஞ்சம் குணம் கொடுத்த நீர் வைத்தியம் மகளுக்கும் கொடுக்கும் என்று நம்பி, 1851 மார்ச் கடைசியில் தங்கை ஹென்றியெட்டாவோடும் செவிலித்தாய் பிராடியோடும் அவளை மால்வர்னில் கொண்டுபோய் விட்டார் டார்வின்.

ஏப்ரல் மத்தியில் காய்ச்சலும் வாந்தியும் அதிகமாயின. செய்தி கிடைத்து ஓடினார். எம்மா நிறைமாத கர்ப்பிணி. ஹொரேஸ் பிறக்க ஒரு மாதமே பாக்கி. பிரயாணம் செய்ய முடியாது. மகளின் படுக்கையருகில் இவர், நூறு மைல் தள்ளி வீட்டு வாசலில் தபாலுக்குக் காத்துக்கொண்டு அவர். ஒவ்வொரு நாளும் குழந்தை என்ன குடித்தாள், எத்தனை முறை வாந்தி எடுத்தாள், நாடி எப்படி இருக்கிறது என்று மணி வாரியாக எழுதினார். தேறுவாள் என்று அவர் எழுதிய கடிதம் எம்மாவின் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் நிலைமை மாறியிருக்கும். ஏப்ரல் 23-ஆம் தேதி மத்தியானம் ஆனி போய்விட்டாள். வயது பத்து.

எம்மா நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர். அந்தத் தேதியில் அவர் குறித்து வைத்தது, மகள் போன நேரத்தை மட்டும்தான்.

டார்வின் அடக்கத்துக்குக்கூடத் தங்கவில்லை. அந்த நிலையில் மனைவி தனியாக இருக்கக் கூடாது என்று உறவினர்களிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு மறுநாளே டௌனுக்குத் திரும்பினார். ஒரு வாரம் கழித்து மகளைப் பற்றி நினைவுக் குறிப்பு ஒன்றை எழுதினார். அவளுடைய முகம், நடை, சிரிப்பு, சுத்தமாக இருக்கும் சுபாவம் எல்லாவற்றையும் ஒரு விஞ்ஞானியின் கண்ணோடு ஒன்று விடாமல் எழுதி வைத்தார். மறந்துவிடுவோமோ என்ற பயம்தான் காரணம். அதன் பிறகு அவர் ஆனியைப் பற்றிப் பேசியதாகத் தமக்கு நினைவில்லை என்று மகள் ஹென்றியெட்டா பின்னாளில் எழுதியிருக்கிறார். எம்மாவும் மிக அபூர்வமாகத்தான் பேசுவாராம். ஆனால் ஆனியின் சிறு எழுதுபெட்டியை, உள்ளே இருந்த பேனா, ஊசி நூல், ஒரு கொத்து தலைமுடி எல்லாவற்றோடும் கடைசி வரை வைத்திருந்தார். அந்தப் பெட்டியைக் கண்டெடுத்த கொள்ளுப்பேரனின் மகன் ரேண்டல் கீன்ஸ், 2001-இல் அதை வைத்தே ஒரு புத்தகம் எழுதினார்.

எம்மா தெய்வ பக்தி மிகுந்தவர். டார்வினுக்கோ நம்பிக்கை ஏற்கெனவே தளர்ந்துகொண்டிருந்தது. மகளின் மரணம்தான் அதை முழுக்க முறித்தது என்று சிலரும், அது மட்டும் காரணமல்ல என்று சிலரும் எழுதுகிறார்கள். எப்படியிருந்தாலும், மனைவியும் குழந்தைகளும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் போக, இவர் வெளியே உலாவிக்கொண்டிருப்பார். அவர்கள் அதற்காகச் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. ஒரே துக்கத்தை இருவரும் அவரவர் வழியில் சுமந்தார்கள்.

என்னால்தானோ என்ற சந்தேகம்

டார்வினை வாட்டிய கேள்வி ஒன்று உண்டு. தம்முடைய நோஞ்சான் உடம்புதான் குழந்தைகளுக்கு வந்திருக்கிறதோ? சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டதுதான் அதற்குக் காரணமோ? செடிகளில் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் வம்சம் நலிந்து போவதை அவரே பல வருஷம் சோதனை செய்து பார்த்தவர். ஆகவே சந்தேகம் இன்னும் வலுத்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் அஜீரணம், படபடப்பு என்று எது வந்தாலும் அதில் தம் வியாதியின் சாயலைத் தேடினார்.

1870-இல், அடுத்த வருஷத்து ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் உறவுத் திருமணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரரும் பாராளுமன்ற அங்கத்தினருமான ஜான் லப்பக் மூலம் முயற்சி செய்தார். சபை ஏற்கவில்லை. மகன் ஜார்ஜ் தாமே புள்ளிவிவரம் திரட்டி 1875-இல் கட்டுரை வெளியிட்டார். பயந்த அளவுக்குக் கெடுதல் தெரியவில்லை என்பது அவர் முடிவு.

நம் சமூகத்தில் அத்தை, மாமா உறவில் கல்யாணம் சகஜமாக இருந்ததால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். அத்தை பிள்ளை, மாமா பெண் இருவரும் ஒரே தாத்தா பாட்டியின் வம்சம். அவர்களுக்குப் பிறக்கும் குழந்தையிடம், ஏதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் அதே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒரு பங்கு, அதாவது 6.25 சதவிகிதம். மறைந்திருக்கும் குறை ஒன்று வெளிப்பட இது இடம் கொடுக்கும். கட்டாயம் வெளிப்படும் என்பதல்ல. குடும்பத்தில் ஏதாவது பரம்பரை வியாதி இருந்தால் கல்யாணத்துக்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. ஆனால் டார்வினின் குழந்தைகளைக் கொண்டுபோனவை பெரும்பாலும் தொற்று வியாதிகள். ஆனிக்கு இருந்தது அநேகமாகக் க்ஷயரோகம் என்று இப்போது கருதுகிறார்கள். அந்தக் கிருமியை ராபர்ட் காக் கண்டறிந்து அறிவித்தது 1882 மார்ச்சில். அதற்கு ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் டார்வின் காலமானார். முப்பது வருஷமாகத் தம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்ட அந்தத் தகப்பனாருக்கு விடுதலைத் தீர்ப்பு வாசிக்க நேரமில்லை.

1858 ஜூன்

டார்வினின் பெயரை உலகம் அறியச் செய்த மாதம், அவர் வீட்டில் எப்படி இருந்தது என்று பாருங்கள். இருபது வருஷமாக அவர் தயாரித்து வந்த அதே கொள்கையை, மலாய்த் தீவுகளில் இருந்த வாலஸ் என்பவரும் தாமாகவே கண்டு எழுதிய கடிதம் ஜூன் மத்தியில் வந்து சேர்ந்தது. வாழ்நாள் உழைப்பு கை நழுவும் நிலை. அதே வாரம் ஹென்றியெட்டாவுக்குத் தொண்டை அடைப்பான், அதாவது டிஃப்தீரியா. அவள் பிழைத்தாள் என்று மூச்சு விடுவதற்குள் கடைக்குட்டி சார்லஸுக்கு ஸ்கார்லட் காய்ச்சல். ஒன்றரை வயதாகியும் நடக்கவோ பேசவோ வராத சாதுக் குழந்தை. ஜூன் 28-ஆம் தேதி அது போய்விட்டது. கிராமத்தில் மேலும் சில குழந்தைகள் அதே காய்ச்சலில் இறந்திருந்தார்கள். வீட்டில் தாதிகளும் நோயில் விழுந்தார்கள். மற்றக் குழந்தைகளை எம்மாவின் அக்கா வீட்டுக்கு அவசரமாக அனுப்பினார்கள்.

லயலும் ஹூக்கரும் நல்ல சிநேகிதர்கள். இருவர் எழுதியதையும் சேர்த்தே சபையில் வைப்போம், காகிதங்களைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். குழந்தை போன மறுநாள் ராத்திரி ஒரு வேலையாள் மூலம் அவற்றை அனுப்பிவிட்டு, இனி நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். ஜூலை 1-ஆம் தேதி லண்டன் லின்னியன் சங்கத்தில் அவை வாசிக்கப்பட்டபோது டார்வின் அங்கே இல்லை. பரீட்சைக்காக அந்தத் தேதியை நான் மனப்பாடம் செய்தேனே தவிர, அவர் ஏன் வரவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. பிறகு மனம் தேறி எழுதிய புத்தகம் 1859 நவம்பர் 24-இல் வெளிவந்தது.

தபால் தலைகள்

1862-இல் பன்னிரண்டு வயது லெனார்டுக்குக் கடுமையான ஸ்கார்லட் காய்ச்சல். பல வாரம் படுக்கை. பையனுக்குத் தபால் தலை சேகரிப்பதில் பைத்தியம். அமெரிக்காவில் இருந்த தாவரவியல் மேதை ஆசா கிரேக்கு டார்வின் எழுதிய விஞ்ஞானக் கடிதங்களுக்கு நடுவே, அமெரிக்கத் தபால் தலைகள் அனுப்ப முடியுமா என்ற விண்ணப்பமும் இருக்கும். உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த தேசத்திலிருந்து அவரும் அனுப்பி வைத்தார். அதைப் பார்க்கப் படுக்கையில் ஒரு முழங்கையை ஊன்றி எழும்பினானாம் பையன். தேறியவனை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் புறப்பட்டால், வழியில் எம்மாவுக்கே அந்தக் காய்ச்சல். மற்றக் குழந்தைகளுக்குத் தொற்றாமல் இருக்க, போர்ன்மவுத் நகரில் இரண்டு வீடு பிடித்து, நோயாளிகள் ஒன்றில், மற்றவர்கள் ஒன்றில் என்று இருந்தார்கள். கிருமி என்றால் என்ன என்று தெரியாத காலத்திலேயே பிரித்து வைக்கும் புத்தி இருந்திருக்கிறது.

அன்று பலவீனமாகக் கிடந்த லெனார்ட்தான் 1943 வரை, 93 வயது வாழ்ந்தவர். ஜார்ஜ், பிரான்சிஸ், ஹொரேஸ் மூவரும் ராயல் சங்கத்தின் அங்கத்தினர்களாகி சர் பட்டமும் பெற்றார்கள். டார்வின் 1882 ஏப்ரல் 19-ஆம் தேதி காலமாகி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கமானார். எம்மா 1896 வரை இருந்தார்.

அப்பாவின் கணக்குப் புத்தகம்

இனி என் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். 1957-இல் முதலில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தது எனக்கு. ஏழு வயது. நாலைந்து நாளில் சரியாகிவிட்டது. ஜமக்காளத்தில் எனக்கு அடுத்த இடம் தங்கையுடையது. என் டம்ளரில் மிச்சம் இருந்த பாலை அவள் குடித்ததை நான் பார்த்தேன். எனக்கு வந்தது போலத்தான் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. அம்மா அப்போது கடைசித் தம்பியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமலேயே வளர்ந்தவன் அவன்.

பி.எஸ்ஸி.யில் டிஃப்தீரியா பாக்டீரியா பற்றிப் படித்த அன்று எனக்கு விஷயம் புரிந்தது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. அறுபத்தேழு வருஷமாக அவள் பேச்சை எடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தச் சதாபிஷேக வீட்டில் ஏழு என்று சொன்னது மறதி மட்டுமா என்று எனக்கே தெரியவில்லை.

டார்வினைப் படித்து முடித்தபின் அக்காவுக்குப் போன் செய்து அந்தப் பால் டம்ளர் விஷயத்தைச் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இதை அம்மா அப்போதே ஊகித்திருந்தாள் என்றும், உன் காதில் விழவே கூடாது என்றுதான் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை என்றும் சொன்னாள். நான் மௌனமாக இருந்தது போல அம்மாவும் எனக்காகவே மௌனமாக இருந்திருக்கிறாள்.

அப்பாவின் கணக்குப் புத்தகங்கள் அக்காவிடம்தான் இருந்தன. 1957-ஆம் வருஷத்தியதை எடுத்து அனுப்பச் சொன்னேன். பால், காய்கறி, ரிக்ஷா, எலுமிச்சம்பழம், டாக்டர் ஃபீஸ், மறுபடி ரிக்ஷா. பிறகு மூன்று நாள் பக்கம் காலி. நாலாம் நாள் மறுபடி பால், காய்கறி. நாற்பது வருஷம் ஒரு நாள் தவறாமல் கணக்கு எழுதியவர் அப்பா. வேறு எங்கும் காலிப் பக்கம் கிடையாது.

இன்று டிஃப்தீரியாவுக்கான தடுப்பூசி பிறந்த ஆறாவது வாரத்திலிருந்தே போடுகிறார்கள். பேரக் குழந்தைகளுக்கு அட்டையில் தேதி தவறாமல் போடுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டிகளாகிய நாம் செய்யக்கூடிய காரியம் அது. இன்னொன்றும் உண்டு. நம் தலைமுறையில் அநேகமாக எல்லா வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை இருந்திருக்கும். வயதான அத்தையோ பெரியம்மாவோ இருக்கும்போதே கேட்டுப் பெயரையும் வருஷத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பிறகு கேட்க ஆள் கிடையாது.

பேரனுக்கு விவரம் அனுப்பினேன். வம்சாவளியில் இப்போது எங்கள் வரிசையில் எட்டுக் கட்டங்கள் இருக்கின்றன. ஆறாவது கட்டத்தில் தங்கையின் பெயரை நானே சொல்லி எழுத வைத்தேன்.